உங்களுக்குத் தெரியுமா? காரை இறக்கினால் கதை ஏறும்!

ஸ்பீடு பிரேக்கர் எவ்வளவு உயரம் இருக்கலாம், தெரியுமா? வெறும் 10 சென்டிமீட்டர்! இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-லேயே எழுதி வைத்துவிட்டது. அகலம் 3.7 மீட்டர். வளைவின் ஆரம் 17 மீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் குலுங்காமல் தாண்டிவிடலாம்!

இப்போது பேனாவை எடுங்கள். மாருதி 800-இன் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2,175 மில்லிமீட்டர். சட்டப்படி கட்டிய அந்த மேட்டின் மேல் மெதுவாக ஏறி நின்றால், காரின் நடுவயிறு உரசாமல் இருக்க எவ்வளவு இடைவெளி வேண்டும்? மூன்றரை சென்டிமீட்டர்! நம்பவில்லையா? பள்ளிக்கூட ஜியோமெட்ரிதான், நீங்களே போட்டுப் பாருங்கள்!

1998-இல் வந்த முதல் ஹோண்டா சிட்டி இன்னும் நீளம். அதற்கும் 4.6 சென்டிமீட்டர் போதும்! ஸ்பிரிங்கை மாற்றி உடம்பை ஐந்து சென்டிமீட்டர் தாழ இறக்கிய சிட்டிகூட ராஜநடை போடலாம்!

பிறகு ஏன் ஹைதராபாத்தில் இறக்கிய கார் ஒவ்வொன்றும் தெருவுக்குத் தெரு 'கர்ர்ர்' என்று அடி தட்டுகிறது? குற்றம் காரில் இல்லை, மேட்டில்! காலனி வாசலில் ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கிற சிமென்ட் மேட்டுக்கு ஆரமும் கிடையாது, அளவும் கிடையாது!

ஹைதராபாத்தில் ஒரு காரின் வயதைக் கண்டுபிடிக்க பானெட்டைத் திறக்க வேண்டாம். நம்பர் பிளேட்டே சொல்லிவிடும்! 2014 ஜூன் வரை ஏபி. தெலங்கானா பிறந்ததும் டிஎஸ். 2024 மார்ச்சிலிருந்து டிஜி. பத்தே வருடத்தில் ஒரே ஊருக்கு மூன்று எழுத்து! கைரதாபாத் ஆர்டிஓவின் பழைய 'ஏபி 09' பிளேட்டோடு, டயரைத் தொட்டுக்கொண்டு ஒரு மாருதி ஜென் போகிறதா? கும்பிடு போடுங்கள், வயதில் பெரியவர்!

மெஹ்திப்பட்டணத்திலிருந்து ஆராம்கர் போகும் பி.வி. நரசிம்ம ராவ் எக்ஸ்பிரஸ்வே 11.6 கிலோமீட்டர் நீளம்! 2009 அக்டோபரில் திறந்தார்கள். விறைப்பான ஸ்பிரிங் போட்ட காரில் இதன் மேல் போய்ப் பாருங்கள். பாலத்தின் ஒவ்வொரு இணைப்பும் 'டக்', 'டக்' என்று முதுகெலும்பில் எண்ணிக்கை சொல்லும்!

நிஜாம் ஊரில் காரை இறக்குகிறவர்கள் ஒரு தடவை சௌமஹல்லா அரண்மனைக்குப் போய்வர வேண்டும். அங்கே நிற்கிற ரோல்ஸ்ராய்ஸ் சில்வர் கோஸ்டில் நிஜாமுக்கென்றே உயர்த்திக் கட்டிய சிம்மாசன இருக்கை! ஆறாவது நிஜாம் ஆர்டர் கொடுத்த வண்டி. வந்து சேருவதற்குள் அவரே போய்விட்டார்!

கத்தரிக்காய் ஓடும். பர்கர் ஓடும். ஹைஹீல்ஸ் செருப்பு ஓடும். ஸ்னூக்கர் மேஜையும் ஓடும்! எல்லாம் இன்ஜின் வைத்த கார்கள். ஹைதராபாத் பகதூர்புராவில் சுதாகர் நடத்தும் சுதா கார் மியூசியத்துக்குள் நுழைந்தால் போதும். பெரும்பாலும் பழைய இரும்பில் பிறந்தவை!

அதே சுதாகர் 2005 ஜூலை 1 அன்று ஹைதராபாத்தில் ஒரு மூன்று சக்கர சைக்கிளை ஓட்டிக் காட்டி கின்னஸில் ஏறினார். உயரம் 12.67 மீட்டர்! நாலு மாடி! சக்கரம் மட்டுமே 5.18 மீட்டர் விட்டம். நகரமே காரைத் தரையோடு ஒட்ட வைக்கப் பார்க்கும்போது மனிதர் எதிர்த்திசையில் கிளம்பிவிட்டார்!

என்.டி. ராமராவ் 1982-இல் கட்சி தொடங்கியபோது ஊர் ஊராகப் போனது எதில்? மாற்றிக் கட்டிய ஒரு பழைய செவர்லே வேனில்! பெயர் 'சைதன்ய ரதம்'. ஒன்பது மாதத்தில் ஆட்சியே கையில்! வண்டியை மாற்றிக் கட்டி இவ்வளவு லாபம் பார்த்தவர் வேறு யாராவது உண்டா?

சுருளுக்குள் சூட்சுமம்

ஸ்பிரிங் கம்பியை 10 மில்லிமீட்டரிலிருந்து 11 மில்லிமீட்டர் ஆக்குங்கள். ஒரே ஒரு மில்லிமீட்டர்தான். விறைப்பு எவ்வளவு கூடும்? 46 சதவீதம்! கம்பியின் தடிமன் நான்காம் அடுக்கில் வேலை செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம், இடுப்புக்குத் தெரிந்துவிடும்!

ஆறு சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எறிந்தால் கார் இறங்கும் என்பது தெரிந்த சங்கதி. 20 சதவீதம் விறைப்பாகும் என்பது? வெட்டினால் பலவீனம் ஆகும் என்றல்லவா நினைத்தீர்கள்! தலைகீழ்!

ஆனாலும் வெட்டாதீர்கள். கேஸ் கட்டரின் சூட்டில் பதம் போய்விடும். வெட்டிய ஸ்பிரிங் பெரிய பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது இருக்கையை விட்டு நழுவவும் செய்யும். நூறு ரூபாயில் வேலை முடிந்தது என்று சொல்கிற ஆளிடமிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்துவிடுங்கள்!

புது ஷாக் அப்சார்பர் போட்டால் கார் உயரும் என்று யாராவது சொன்னார்களா? சிரித்துவிட்டு நகருங்கள். காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங் மட்டும்தான்! ஷாக்கின் வேலை ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. ஆட்டமெல்லாம் எங்கே போகிறது? எண்ணெய்க்குள் சூடாகப் போகிறது! மோசமான ரோட்டில் போய்வந்த உடனே ஷாக்கைத் தொட்டுப் பாருங்கள். வேண்டாம், தொடாதீர்கள்!

கேஸ் ஷாக் என்கிறார்களே, உள்ளே இருப்பது நைட்ரஜன். ஒற்றைக் குழாய் ஷாக்கில் அதன் அழுத்தம் உங்கள் டயர் காற்றைப் போல் பத்து மடங்குக்கு மேல்!

காரை இறக்கினால் வளைவில் சாயாது. அப்படித்தானே? பழைய சிறிய கார்களில் முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் இருக்கிறது. அதில் ஒரு வில்லங்கம்! உடம்பு இறங்குவதைவிட, உடம்பு எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி வேகமாக இறங்கிவிடும். அதே பழைய ஸ்பிரிங் விறைப்போடு இறக்கினால் கார் முன்னைவிட அதிகமாகச் சாயவும் கூடும்! அதனால்தான் நல்ல லோயரிங் ஸ்பிரிங் எப்போதும் கூடுதல் விறைப்போடு வருகிறது.

பின்பக்கத்தை மட்டும் இறக்கி, முன்பக்கத்தை அப்படியே விட்ட கார்களைப் பார்த்திருப்பீர்கள். மாருதி 800-இல் பின்னால் 3.8 சென்டிமீட்டர் இறங்கினால் ஹெட்லைட் ஒரே ஒரு டிகிரி மேலே பார்க்கும். ஒரு டிகிரிதானே? 50 மீட்டர் தூரத்தில் அது 87 சென்டிமீட்டர்! நேரே எதிரே வருகிறவர் கண்ணில்! லைட்டைத் திருகி இறக்க மறந்தவர்களுக்கு எதிரே வருகிறவர்கள் பாடும் அர்ச்சனையை இங்கே அச்சிட முடியாது!

ஸ்பிரிங் ஒரு நொடிக்கு ஒரு தடவை ஆட வேண்டுமென்றால், காரின் எடையில் அது எவ்வளவு அமுங்கியிருக்க வேண்டும்? 25 சென்டிமீட்டர்! நொடிக்கு இரண்டு தடவை என்றால் வெறும் 6! 25 சென்டிமீட்டர் கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி ஊசலாட விடுங்கள். அதுவும் நொடிக்கு ஒரு தடவைதான்! காருக்கும் கல்லுக்கும் ஒரே கணக்கு!

குடும்பக் கார் நொடிக்கு ஒன்று, ஒன்றரை தடவை ஆடும். நாம் நடக்கும்போது நம் உடம்பு சுமார் இரண்டு தடவை ஆடுகிறது. அரைத் தடவைக்குக் கீழே போனால்? வாந்தி! கப்பலில் குமட்டுவது அதனால்தான்! நாலிலிருந்து எட்டுத் தடவை ஆனால்? உடம்பு வெறுக்கிற ஆட்டம் அதுதான். ரேஸ் காரை வீட்டு உபயோகத்துக்கு யாரும் ஏன் வாங்குவதில்லை என்று இப்போது புரிகிறதா?

மாருதி 800-இன் எடை சுமார் 650 கிலோ. ஐந்து பெரியவர்கள் ஏறினால் 350 கிலோ! காரின் எடையில் பாதிக்கு மேல் மனிதர்கள்! குடும்பத்தோடு ஏறும்போது இந்த வண்டி எவ்வளவு குனியும் என்று இப்போது தெரிகிறதல்லவா? ஏற்கெனவே இறக்கிய 800-இல் சம்பந்தி வீட்டாரை ஏற்றாதீர்கள்!

ஸ்பிரிங்கைக் கழற்ற அமுக்கும் கருவி இருக்கிறதே, அதோடு விளையாடவே கூடாது. ஒரு மில்லிமீட்டர் அமுங்க இரண்டு கிலோ கேட்கிற ஸ்பிரிங்கை 15 சென்டிமீட்டர் அமுக்கி வைத்தால், உள்ளே பதுங்கியிருக்கும் சக்தி, பத்துக் கிலோ அரிசிப் பையை இரண்டேகால் மீட்டர் உயரத்திலிருந்து போட்டதற்குச் சமம்! எங்கே போடுகிறது? உங்கள் முகத்துக்கு நேரே!

டேப் எடுக்காத மெக்கானிக்கும் உண்டு. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்ப்பார். 'நாலு விரல் இருக்கு, ரெண்டு விரலுக்குக் கொண்டு வந்துடலாம்ணே!' அளவு முடிந்தது! யார் விரல் என்பதுதான் பிரச்சினை!

இது ரொம்ப முக்கியம், பத்துப் பேருக்குச் சொன்னால் ஒன்பது பேர் வாயைப் பிளப்பார்கள். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை, கார் ஜாக்கியில் தொங்கும்போது கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது! சக்கரம் தரையில் ஊன்றி, கார் தன் எடையில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால்? உள்ளே இருக்கும் ரப்பர் தொங்கிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். காரை ஜாக்கியிலிருந்து இறக்கியதும் நாளெல்லாம் முறுக்கியபடியே கிடந்து கிழியும்! இறக்கிய காருக்கு முறுக்கு இன்னும் அதிகம். புது புஷ் சீக்கிரமே போச்சு, சரக்கு டூப்ளிகேட் என்று கடைக்காரரைத் திட்டியவர்கள் எத்தனை பேரோ!

இறக்கிய பிறகு வீல் அலைன்மென்ட் பார்க்காமல் விட்டீர்களா? மேலிருந்து பார்த்தால் டயர் புத்தம் புதிது. குனிந்து உள்பக்க ஓரத்தைப் பாருங்கள். கம்பி தெரியும்!

தொடங்கியது ஹாரனில்!

கேப்ரியல் ஷாக் அப்சார்பர் தெரியாத மெக்கானிக் இந்தியாவில் உண்டா? ஆனால் கேப்ரியல் முதலில் ஒரு ஹாரன்! அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கிளாட் ஃபாஸ்டர் என்பவர் 1904-இல் கண்டுபிடித்தது. அடித்தது எதில்? சைலன்சர் புகையில்! பைபிளில் எக்காளம் ஊதும் தேவதூதன் பெயரையே வைத்துவிட்டார். ஷாக் எல்லாம் அப்புறம்தான் வந்தது!

அந்த ஃபாஸ்டர் டிராம்போன் வாசிப்பவர்! சம்பாதித்ததை 1952-இல் என்ன செய்தார்? ஒரு விருந்துக்கு ஆள் கூப்பிட்டு, சுமார் 40 லட்சம் டாலரை 16 நிறுவனங்களுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார்! ஒரே ராத்திரியில்!

1961-இல் மும்பையில் தொடங்கிய கேப்ரியல் இந்தியாவுக்கு நம்ம ஓசூரிலும் தொழிற்சாலை உண்டு!

பில்ஸ்டைன் என்று பெயர் கேட்டாலே இளைஞர்களுக்குப் புல்லரிக்கும். 1873-இல் ஜெர்மனியில் தொடங்கியபோது அவர்கள் செய்தது ஜன்னல் கொக்கி!

கோனி? 1857! நெதர்லாந்தில் குதிரைச் சேணம் தைத்துக்கொண்டிருந்தார்கள்!

மன்ரோ? 1916-இல் டயருக்குக் காற்றடிக்கும் பம்ப்!

ஜப்பானின் கேஒய்பி? போர் விமானம் தரையிறங்கும் கால்களுக்கு அதிர்ச்சி தாங்கி செய்தவர்கள்! இன்று உங்கள் பழைய காரின் பின்சக்கரத்தில்!

இதையெல்லாம் மிஞ்சும் ஒன்று. இசட்எஃப் என்ற ஜெர்மன் நிறுவனம் 1915-இல் பிறந்தது காருக்காக அல்ல. வானத்தில் மிதந்த செப்பலின் கப்பல்களுக்குப் பல்சக்கரம் செய்ய! சைக்கிள் ஹப் செய்து கிளம்பிய சாக்ஸ், பின்னாளில் ஷாக்குக்குப் பெயர் வாங்கி, இன்று இசட்எஃப் குடும்பத்தில். அந்த இசட்எஃப்பின் இந்தியத் தொழில்நுட்ப மையம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். ஹைதராபாத் நானக்ராம்குடா! ஆகாயக் கப்பலில் கிளம்பி பிரியாணி ஊரில் வந்து இறங்கியிருக்கிறார்கள்!

மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் யாருக்காகப் பிறந்தது? செவர்லே கேடட் என்ற குட்டிக் காருக்காக. ஆயிரம் டாலருக்குள் விற்க வேண்டும் என்று கனவு கண்டார்கள். அந்தக் கார் வெளியே வரவே இல்லை! ஏர்ல் மேக்ஃபர்சன் ஃபோர்டுக்குப் போய்விட்டார். பிறக்காத காரின் உறுப்பு, இன்று உலகத்துச் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்சக்கரத்தில்!

நம்ம பட்டை, நம்ம சுருள்

1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி கையால் சாவி கொடுத்த முதல் மாருதி 800-க்குப் பின்பக்கம் என்ன இருந்தது? மாட்டு வண்டிக் காலத்துக் கமான் பட்டை! 1986-இல் புது உடம்பு வந்தபோதுதான் பின்னாலும் சுருள் ஸ்பிரிங். முதல் மூன்று வருடத்து 800-ஐப் பின்னால் இறக்க வேண்டுமென்றால் சுருளைத் தேடாதீர்கள்!

அம்பாசடர் வாங்கிய எத்தனை பேருக்குத் தெரியும், அதன் முன்சக்கரத்தில் ஸ்பிரிங் சுருளே கிடையாது என்று? இரண்டு நீள இரும்புத் தண்டுகள்! சக்கரம் ஏறினால் தண்டு முறுக்கிக்கொள்ளும், இறங்கினால் அவிழும். அவ்வளவு பெரிய வண்டி, இரண்டு தண்டின் முறுக்கில்! பின்னாளில்தான் சுருள் வந்தது.

மாருதி 800 நின்றது 2014 ஜனவரி. அம்பாசடர் நின்றது 2014 மே. நாலே மாத இடைவெளியில் இரண்டு சகாப்தம் காலி!

வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? 1961-இலிருந்து ஹெரால்டு கார் செய்தார்கள். வடிவமைத்தவர் இத்தாலிய மேதை மிக்கலாட்டி! பின்சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஆடும். குறுக்கே ஒற்றைப் பட்டை! காலி வண்டி காலை உள்ளே மடக்கி நிற்கும், ஆள் ஏறினால் நேராகும். நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்குப் பிடிக்கவே இல்லை! 1972-இல் வந்த கெஸலில் அதைத் தூக்கிவிட்டு, நேரான பழைய அச்சையே மாட்டினார்கள். அறிவியல் பின்னோக்கிப் போன அதிசயம் மெட்ராஸில்!

அதே ஹெரால்டு 7.6 மீட்டர் வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும்! இன்றைய கார்கள் பல தலைகுனிய வேண்டிய எண்!

டாடா நானோவின் நாலு டயரும் ஒரே அளவு என்று நினைத்தீர்களா? முன்னால் 135, பின்னால் 155! பந்தயக் காரில் பார்க்கிற ஏற்பாடு, ஒரு லட்ச ரூபாய் என்று அறிவித்த காரில்!

டியாகோ ஜேடிபி! 2018-இல் டாடாவும் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து செய்த குட்டி ராக்கெட். 114 குதிரைசக்தி. கம்பெனியே இறக்கி விற்ற கார்! எவ்வளவு இறக்கினார்கள்? 4 மில்லிமீட்டர்! ஆமாம், மில்லி! வாரண்டியோடு இறக்குவது என்றால் அவ்வளவுதான் தைரியம் வரும்!

கோயம்புத்தூரின் கரிவரதன், மாருதி 800-இன் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எடுத்து, தரையோடு தரையாக ஒற்றை இருக்கை ரேஸ் காரே கட்டிவிட்டார்! 1980-களின் கடைசியில்! காய்கறி வாங்கப் போன இன்ஜின், சோழவரம் தடத்தில்! இன்று அவர் பெயரில் செட்டிப்பாளையத்தில் 2.1 கிலோமீட்டர் ரேஸ் தடம்!

திருவள்ளூரில் பூட்டிய சிட்ரோயன் சி5 ஏர்கிராஸுக்குள் ஒரு ரகசியம். ஷாக்கின் இரு முனையிலும் ரப்பர் முட்டுக்குப் பதில் குட்டிக் குட்டி எண்ணெய் மெத்தைகள்! இறக்கிய கார் பள்ளத்தில் 'டம்' என்று முட்டுகிற அந்த ரப்பரைத்தான் சொல்கிறேன்!

1893-இல் ஸ்பிரிங் வைத்த வண்டியில் ஏறியதே புரட்சி! திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்டவர்களுக்குப் பொதுச்சாலை மறுக்கப்பட்டபோது, அய்யன்காளி சொந்தமாக ஒரு வில்வண்டி வாங்கி, மணி கட்டிய காளைகள் பூட்டி, வெங்ஙானூரிலிருந்து பொதுச்சாலையிலேயே ஓட்டிக்கொண்டு போனார்! சஸ்பென்ஷன் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய பயணம் எனக்குத் தெரிந்து இல்லை!

1959-இல் வந்த மினி காருக்கு இரும்பு ஸ்பிரிங்கே இல்லை! நாலு மூலையிலும் ரப்பர்க் கூம்பு! சக்கரமோ பத்தே அங்குலம். அதை வைத்துக்கொண்டு மான்டி கார்லோ ராலியை 1964, 1965, 1967 என்று மூன்று தடவை தட்டிக்கொண்டு போனார்கள்!

குனிந்தால் குற்றமா?

காரை மாற்றிக் கட்டினால் சிறை, தெரியுமா? 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 182ஏ. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்! 'ஒவ்வொரு' என்ற சொல்லை இன்னொரு தடவை படியுங்கள்!

அதே வருடம் ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆர்சி புத்தகத்தில் இருக்கிற விவரம், கம்பெனி செய்த அளவிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது! வழக்கு வந்தது கேரளாவிலிருந்து.

ஜப்பானில்? தரையிலிருந்து 9 சென்டிமீட்டர் வரை இறக்கலாம். சட்டமே அளவு சொல்லிவிட்டது. ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் காலி!

கலிஃபோர்னியாவில் 1958-இல் ஒரு சட்டம். காரின் எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடிப்பகுதிக்குக் கீழே வரக் கூடாது! அடுத்த வருடமே ரான் அகிரே என்ற இளைஞர் விமானத்து ஹைட்ராலிக் பம்புகளைத் தன் கார்வெட்டில் பூட்டினார். போலீஸ் வந்தால் பொத்தானை அமுக்கு, கார் நிமிரும். போலீஸ் போனால் அமுக்கு, குனியும்! குதிக்கும் கார்களின் குலமுதல்வன் அந்தப் பொத்தான்தான்!

அந்தத் தடை எப்போது முழுதாக விலகியது? 2024 ஜனவரி 1! அறுபத்தாறு வருடம் கழித்து!

ரேஸ் தடத்துத் தில்லாலங்கடி

1981. ஃபார்முலா 1 கார் தரையிலிருந்து 6 சென்டிமீட்டர் உயரமாக இருக்க வேண்டும் என்று விதி. அளப்பது எப்போது? நிற்கும்போது! பிரபாம் அணியின் கார்டன் மர்ரி சிரித்துக்கொண்டார். ஓடும்போது காற்றே அமுக்கி காரைத் தரையோடு ஒட்ட வைக்கும், மெதுவாகத் திரும்பி வந்தால் தானே நிமிரும், அப்படி ஒரு சஸ்பென்ஷன்! டேப் வைத்தால் 6. ஓடினால் எவ்வளவோ! மற்ற அணிகள் கத்தின. அப்புறம் காப்பி அடித்தன!

அந்த வருடம் பிரபாமின் ஓட்டுநர் பிகே சாம்பியன். எத்தனை புள்ளி வித்தியாசத்தில்? ஒன்று!

1987 மொனாக்கோ. சென்னாவின் லோட்டஸில் கம்ப்யூட்டர் இயக்கிய சஸ்பென்ஷன். உலகிலேயே அந்த ரகத்துக்கு முதல் வெற்றி! 1994-இல் தடை!

அதே 1994-இல் காருக்கு அடியில் ஒரு பலகை கட்டச் சொன்னார்கள். தடிமன் 10 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்தால் அம்பேல்! பெல்ஜியத்தில் ஜெயித்த ஷூமேக்கரின் வெற்றியே பறிபோனது. 2023-இல் ஆஸ்டினில் ஹாமில்டனும் லெக்லேரும் ஒரே நாளில் காலி! காலனி மேட்டில் அடி தட்டுகிறவர்கள் ஆறுதல் அடையலாம்!

1955 அக்டோபர், பாரீஸ். சிட்ரோயன் டிஎஸ்! ஸ்பிரிங் இல்லை. வாயுவும் எண்ணெயும்தான். ஒரு நெம்புகோலைத் தள்ளினால் கார் எழும், இழுத்தால் தரையில் படுக்கும்! முதல் நாளில் மட்டும் 12,000 பேர் ஆர்டர் கொடுத்தார்கள்! நாள் முடிவதற்குள்!

1962 ஆகஸ்ட் 22. பிரெஞ்சு அதிபர் டி கால் போன டிஎஸ் மேல் துப்பாக்கிச் சூடு. டயர்கள் கிழிந்தன. கார் நின்றதா? இல்லை! அதே சஸ்பென்ஷன் தாங்கிப் பிடிக்க, பறந்தே போய்விட்டது!

அந்த டிஎஸ் பெயர் ஹைதராபாத்துக்கும் வந்தது தெரியுமா? 2023 பிப்ரவரி 11. ஹுசைன் சாகர் கரையில் இந்தியாவின் முதல் ஃபார்முலா இ பந்தயம். 2.8 கிலோமீட்டர் தெருத் தடம். ஜெயித்தவர் ழான் எரிக் வெர்ன். அவர் அணியின் பெயர்? டிஎஸ் பென்ஸ்கி! அன்றைக்கு அந்தத் தெருவில் ஓடிய கார்கள் அத்தனையும் இறக்கிய கார்கள்தான். ஒரு போலீஸ்காரரும் நிறுத்தவில்லை!

கடைசியாக, எவ்வளவுதான் இறக்க முடியும்? 2010 நவம்பரில் ஜப்பானில் காட்டிய 'மிராய்' என்ற மின்சாரக் கார், சாலையில் ஓடத் தகுதியுள்ளவற்றில் மிகத் தாழ்வானது என்று கின்னஸ் ஏறியது. தரையிலிருந்து கூரை வரை மொத்த உயரம் 45.2 சென்டிமீட்டர்! ஒரு மாருதி 800-இன் உயரத்துக்கு மூன்று மிராயை அடுக்கலாம், அப்போதும் மிச்சம் இருக்கும்! கட்டியது எந்தக் கம்பெனி? கம்பெனியே இல்லை, ஒகயாமாவில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்!